ஃப்ளோரன்ஸ் கேட்ட சந்தேகம்

கொடியில் காய்ந்த துணியை மொத்தமாக அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறவள் இல்லை ஃப்ளோரன்ஸ். ஒவ்வொன்றாகத்தான் எடுப்பாள். தன் புடவை, மாமியாரின் சேலை எல்லாம் சரசரவென்று மடிந்துவிடும். புருஷன் வால்டரின் துணிக்கு வரும்போது மட்டும் கை நிதானப்படும். லுங்கியை இரண்டு கையாலும் அகல விரித்து, சாயங்கால வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடிப்பாள். வெயில் துணிக்குள் புகுந்து இழை இழையாக இந்தப் பக்கம் வரும். மேலிருந்து கீழே ஒரு தரம், திருப்பிப் பிடித்து ஒரு தரம். எங்கேயாவது கறை மாதிரித் தெரிந்தால் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி, நகத்தை முகர்ந்து பார்ப்பாள். அதன் பிறகுதான் மடிப்பு.

"இன்னாடி, ஓட்டை கீதான்னு பாக்குறியா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு அடைக்கலமேரி ஒருநாள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே.

"ஆமா. எங்க வூட்ல எலி ஜாஸ்தி."

இந்தப் பழக்கம் கல்யாணத்தோடு வந்ததில்லை. அறுபத்தாறாம் வருஷம், இரண்டாவது பிள்ளையும் மூச்சில்லாமல் பிறந்த பிறகு வந்தது.

ராயபுரத்து ரயில்வே குடியிருப்பில் ஃபிட்டர் அம்புரோஸின் மூத்த மகள் அவள். எட்டாவதோடு படிப்பு நின்றது. வண்ணாரப்பேட்டையில் ஒரு கோணிக் கிடங்கில், கிழிந்த சாக்குகளை ஒட்டுப் போட்டுத் தைக்கிற வேலைக்குப் போனாள். எந்தச் சாக்கு கோதுமை சுமந்தது, எது சர்க்கரை, எது உரம் என்று மூக்கே சொல்லிவிடும். அறுபத்து மூன்றில் வால்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஹார்பரில் வின்ச்சு ஓட்டுகிறவன். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கி, அந்தரத்தில் ஒரு வளைவு வளைத்து, கரையில் முட்டை வைப்பதுபோல இறக்குவான் என்று பேர். கோயிலில் அதைவிடப் பெரிய பேர். செப்டம்பர் மாதா திருவிழாவில் சப்பரத்தின் முன் வலது தண்டுக்குத் தோள் கொடுப்பது அவர்கள் குடும்பத்து உரிமை. தாத்தா, அப்பா, இப்போது வால்டர். அதற்கு முதல் தோள் என்று சொல்வார்கள். முதல் தோள்காரன் தெருவில் போனால் சபைத் தலைவர் ஜார்ஜே சைக்கிளை விட்டு இறங்கிப் பேசுவார்.

முதல் பிள்ளை எட்டாம் மாதம் போயிற்று. இரண்டாவதும் அதே கணக்கு. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகள் என்று இரண்டையும் கல்லறையின் மதிலோரம், சிலுவையில்லாமல் புதைத்தார்கள். இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் டாக்டர் குணசுந்தரி விடவில்லை. இருவர் ரத்தத்தையும் எடுத்தார். இருவருக்கும் மேகநோய், அதாவது சிபிலிஸ், என்று வந்தது.

"வாரத்துக்கு ஒரு ஊசி, மூணு வாரம். ரெண்டு பேரும் போட்டுக்கணும். ஒருத்தர் போட்டு ஒருத்தர் போடலைன்னா போடாத மாதிரிதான்" என்றார் டாக்டர்.

ஃப்ளோரன்ஸ் மூன்றும் போட்டுக்கொண்டாள். வால்டர் ஒன்றோடு நின்றுவிட்டான். ஊசி போடுகிற புதன்கிழமை வரிசையில் பாதி ஹார்பர் ஆட்கள். "இவன் அவனைப் பாக்கறான், அவன் இவனைப் பாக்கறான், மானம் கப்பலேறுது" என்றான். வலி வேறு என்றான்.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் மணிக்கூண்டு நிழலில் சனம் நின்றது. மாதா சபைப் பெண்கள் மாமியார் வியாகுலம்மாளைச் சுற்றிக்கொண்டார்கள். இரண்டும் போச்சே, என்ன காரணம், டாக்டர் என்ன சொன்னாள் என்று விசாரிப்பு. கிழவிக்குப் பதில் தெரியாது. மகனைத் திரும்பிப் பார்த்தாள். ஃப்ளோரன்ஸ் நாலடி தள்ளி, வெயிலில் நின்றுகொண்டிருந்தாள்.

வால்டர் தொண்டையைச் செருமினான். "ரத்தத்துல கோளாறும்மா. கோணிக் கிடங்குல நூறு ஆளு வரான், போறான். எவன்கிட்டேர்ந்து ஒட்டிச்சோ. நான் இன்னாத்தக் கண்டேன்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். குரலைக்கூட உயர்த்தவில்லை. சரக்கை இறக்குகிற மாதிரி மெள்ள இறக்கினான்.

அடுத்த ஞாயிறு அவள் உட்கார்ந்த பெஞ்சில் இரண்டு ஆள் இடம் காலியாக இருந்தது. கிழவி அவளுக்கென்று தனித் தம்ளர் எடுத்து வைத்தாள். அடைக்கலமேரி தன் பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்க அவளைத்தான் கேட்டிருந்தாள். சட்டைகூட ஃப்ளோரன்ஸ் தைத்து முடித்திருந்தாள். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் அடைக்கலமேரி வாசலில் வந்து நின்று, "எங்க வூட்டுக்காரரு வேற ஆளைச் சொல்லிட்டாருடி. நீ தப்பா நெனைக்காதே" என்றாள். ஃப்ளோரன்ஸ் உள்ளே போய்ச் சட்டையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "புள்ளைக்குப் போடு. துணி இன்னா பண்ணிச்சு" என்றாள்.

அன்றைக்கு மனசில் ஒன்று முடிவாயிற்று. எந்த இடத்தில் நின்று சொன்னானோ அதே இடத்தில், எந்த ஆட்கள் கேட்டார்களோ அதே ஆட்கள் கேட்க, அவன் வாயாலேயே அதைத் திரும்ப எடுக்க வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், சேலையும் வேண்டாம். எப்படி என்று தெரியவில்லை. காத்திருந்தாள். மீதி ரெண்டு ஊசி போட்டுக்கொள்ளும் வரை பக்கத்தில் வராதே என்று தனிப் பாயில் படுத்தாள். தலைமாட்டில் விரல் நீளக் கோணி ஊசி கிடந்தது. சாயங்காலம் அவன் துணியை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தாள். துறைமுகத்தை ஒட்டி, காசுக்கு வரும் பெண்கள் இருக்கிற அந்தத் தெருவுக்குப் போவதை அவன் விடவில்லை என்று துணி சொன்னது.

அறுபத்தெட்டு ஜூலையில் துணி வேறொன்று சொன்னது.

வின்ச்சுக் கயிறு தொடையில் அடித்துவிட்டது என்று சொல்லி வால்டர் பத்து நாள் லீவு போட்டான். காலை அகட்டி அகட்டி நடந்தான். லுங்கியைத் தானே துவைத்தான், அதுவே அதிசயம். கொடியிலிருந்து எடுத்துப் பிடித்தால், முன்பக்கம் வெளிறிய ரத்தத் திட்டு. சுரண்டினாள், முகர்ந்தாள். துணிச் சாம்பலும் நல்லெண்ணெயும் கலந்த வாசனை. கயிறு அடித்த காயத்துக்கு யாரும் துணியை எரித்துச் சாம்பல் வைப்பதில்லை.

கிடங்கில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறவள் சாபிரா. இரண்டு வயசு மூத்தவள். அவள் புருஷன் ஷாகுல் ஹமீது, வண்ணாரப்பேட்டையில் ஒஸ்தா. முடி வெட்டுவது, பிள்ளைகளுக்கு சுன்னத் செய்வது இரண்டும் அவர் தொழில்.

"சாபிராக்கா, துணிச் சாம்பலும் நல்லெண்ணெயும் எந்தப் புண்ணுக்குக்கா வைப்பாங்க?"

சாபிராவின் ஊசி நடுவில் நின்றது. பிறகு வேகமாக நாலு தையல் போட்டாள்.

"என்னை ஒண்ணும் கேக்காதே ஃப்ளோரு."

"அப்ப நான் சொல்றேன், நீ தலைய மட்டும் ஆட்டு. எங்க வூட்டுக்காரரு உங்க வூட்டுக்கு வந்தாரு."

சாபிரா தலையை ஆட்டவில்லை. ஆனால் அழுதாள். "அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. இது எங்களுக்கு மார்க்கம், மருந்து இல்ல, நீ ஆஸ்பத்திரிக்குப் போன்னாரு. உன் ஆளு மூணு நாளு வாசல்லயே குந்திகினாரு. நீ செய்யலைன்னா நானே பிளேடு எடுத்துக்குவேன்னாரு. செத்துகித்துப் போயிட்டா பாவமேன்னு செஞ்சாரு."

பத்தாம் நாள் சாயங்காலம் வால்டரே சொன்னான். கிழவி செபமாலைக்குப் போயிருந்தாள். குளித்து, பவுடர் போட்டு, மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தான்.

"இந்தா, இப்டி குந்து. இனிமே தனிப் பாயெல்லாம் வாணாம். வேரோட எடுத்தாச்சு."

"எதை?"

"நோயைத்தான். அறுத்துகினா போயிடும். ஹார்பர்ல எல்லாருக்கும் தெரியும் இது. கலீலுல்லாவைக் கேட்டேன், மாமு, உங்க ஆளுங்களுக்கு மட்டும் எப்டி இந்தப் பேஜாரு வர்றதில்லன்னு. நாங்க சின்னதுலயே சுங்கம் கட்டிட்டோம் மாமுன்னான். எல்லாம் சிரிச்சானுங்க. நான் யோசிச்சேன். இருவது வருஷமா அவன் ஹார்பர்ல கலாசியா கீறான், ஒரு தபா வந்துகீதா?"

"கலீலுல்லா அந்தத் தெரு எந்தப் பக்கம்னே தெரியாதவரு. வேலை வுட்டா பள்ளிவாசல், அப்பால வூடு."

"அது வேற, இது வேற."

"அப்ப ஊசி?"

"ஊசி இன்னாத்துக்கு?" அவன் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. பெரிய செலவு செய்து வீட்டுக்குப் புதுக் கதவு போட்டவன், பூட்டு எங்கே என்று கேட்டவளைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

அடுத்த புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, டாக்டர் குணசுந்தரியிடம் போய்க் கேட்டாள். அவர் முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"சின்ன வயசுல செஞ்சவங்களுக்குச் சில புண்ணு கொஞ்சம் கம்மியா வருதுன்னு எழுதியிருக்காங்கம்மா. கம்மின்னா வராதுன்னு இல்ல. உங்க வீட்டுக்காரருக்கு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. அது இப்ப தோல்ல இல்ல, ரத்தத்துல இருக்கு. தோலை எடுத்தா ரத்தம் சுத்தமாகுமா? அவரை நம்பிப் பக்கத்துல சேத்தா, மறுபடி உனக்குத்தான் வரும். ஊசிக்குக் கூட்டிட்டு வா."

"கூட்டியாறேன் டாக்டரம்மா. ஒரு சின்ன வேலை பாக்கி கீது, முடிச்சிட்டுக் கூட்டியாறேன்."

திரும்பி நடக்கும்போது காலில் செருப்பு இருக்கிறதா என்றே தெரியவில்லை அவளுக்கு. இரண்டு வருஷமாகத் தேடியதை அவனே செய்து, ஆறவைத்து, கையில் கொடுத்திருக்கிறான். உடம்பில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். அதைப் பற்றி யாராவது கேட்கும்படி செய்தால் போதும். கேட்டால் இரண்டே பதில்தான். மதம் மாறிவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அல்லது ஏன் அறுத்துக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும் சப்பரம் தூக்குகிறவர்களின் பெயரை முற்றத்தில் நின்று வாசிப்பார்கள். கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பது போலத்தான். ஒவ்வொரு பெயருக்கும், தடை சொல்பவர் உண்டா என்று மூன்று தரம் கேட்பார் சபைத் தலைவர். குடித்துவிட்டுக் கோயிலில் சண்டை போட்டவன், மனைவியை விட்டு வேறு இடத்தில் இருக்கிறவன் என்று தடை வந்தால் அந்த இடத்திலேயே விசாரணை. விசாரணை இல்லாமல் பெயரை விடுவதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

அன்றைக்கு ஃப்ளோரன்ஸ் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு போனாள். வால்டர் வெள்ளை வேட்டியில், தோளில் நீலப் பட்டியோடு, முன்வரிசையில் நின்றான். மணிக்கூண்டு நிழல் அதே இடத்தில் விழுந்திருந்தது.

"முதல் தோள், வால்டர்" என்று வாசித்தார் ஜார்ஜ். "தடை சொல்றவங்க உண்டா?"

முப்பது வருஷமாக அந்தக் குடும்பத்துப் பெயருக்கு யாரும் பேசியதில்லை. ஜார்ஜ் இரண்டாம் தரம் கேட்டார். மூன்றாம் தரம் கேட்டுக்கொண்டே அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினார்.

"தடை இல்லீங்க. ஒரு சந்தேகம்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

ஜார்ஜ் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "யாரு, ஃப்ளோரன்ஸா? இன்னாம்மா?"

"சுன்னத் பண்ணிகின ஆம்பள மாதா சப்பரத்துக்குத் தோள் குடுக்கலாங்களா?"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவிற்று.

"இன்னா வால்டரு, மாறிட்டியா? சொல்லவே இல்ல."

"பேரு இன்னா வச்சிகினே நைனா?"

"இந்த வருஷம் பிரியாணியா அப்ப?"

வால்டர் சிரிக்க முயற்சி செய்தான். "இவளுக்குப் பைத்தியம். கோணியோட கெடந்து மூளை கலங்கிடுச்சு."

"பைத்தியமா இல்லியான்னு பாக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்லியே" என்றார் ஒரு கிழவர். "ரெண்டு பேரு உள்ள இட்டுகினு போங்க. அரை நிமிஷ வேலை."

இரண்டு பேர் நிஜமாகவே முன்னால் வந்தார்கள். வால்டரின் கை தானாக வேட்டியின் முன்மடிப்பைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று.

"வால்டரு," என்றார் ஜார்ஜ், குரல் மாறி, "மெய்தானா?"

"மதம்லாம் மாறலண்ணே. மாதா சத்தியமா மாறல."

"பின்ன எதுக்கு?"

"வைத்தியத்துக்குண்ணே. அடிபட்டுது. கயிறு..."

"எந்த டாக்டரு அறுக்கச் சொன்னாரு?" என்று கேட்டாள் ஃப்ளோரன்ஸ். கோபமே இல்லாமல், விலாசம் கேட்கிறவள் மாதிரி கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வாசல்தான் திறந்திருக்கிறது என்று.

வியாகுலம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "சொல்லித் தொலைடா. மாறிட்டியா? உங்கப்பன் எலும்பு கல்லறையில புரளுதுடா. மாறிட்டியா?"

"மாறலம்மா." அவன் தரையைப் பார்த்தான். "எனக்கு மேகம் இருந்துச்சு. அறுத்துகினா போயிடும்னாங்க."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"மேகநோய் இருந்துச்சு. அதுக்குத்தான்."

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேளுங்க அத்தை. நீங்கதானே ரெண்டு வருஷமா தனித் தம்ளர் வச்சிகீறீங்க."

கிழவி கேட்கவில்லை. ஜார்ஜ் கேட்டார்.

"துறைமுகத்தாண்டை, அந்தத் தெருவுல" என்றான் வால்டர்.

"எப்போ?"

"கல்யாணத்துக்கு முன்னாடி."

"அப்ப எனக்கு?" என்றாள்.

"என்கிட்டேர்ந்துதான்" என்றான்.

"புள்ளைங்களுக்கு?"

அவன் நீலப் பட்டியைக் கழற்றி ஜார்ஜின் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். காலை இப்போதும் கொஞ்சம் அகட்டித்தான் நடந்தான். சிறுவர்கள் பின்னால் அதே மாதிரி நடந்துகாட்டினார்கள். ஃப்ளோரன்ஸ் அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். வயிற்றில் சுடுகஞ்சி இறங்குவது போல இருந்தது அவளுக்கு. அந்தச் சுகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

அடுத்த மூன்று புதன்கிழமையும் அவனை அவளே ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனாள். பஸ் இருந்தும் நடத்தித்தான் கூட்டிப்போனாள், கோயில் வழியாக. ஊசி போட்டு நொண்டிக்கொண்டு வருபவனிடம், "வலிக்குதா?" என்று கேட்பாள். வலிக்கிறது என்றால், "சரி, வா" என்பாள். அந்த மழைக்காலத்திலேயே இன்னும் மூன்று வின்ச்சுக்காரர்கள் ஒஸ்தாவின் வாசலில் போய் நின்றார்களாம், ஹார்பரில் ஓடிய அந்த நம்பிக்கையோடு. ஷாகுல் ஹமீது கத்தியைத் தொடவில்லை. புதன்கிழமை வரிசையைக் காட்டினார்.

பழிவாங்கியதில் ஒரே ஓர் இடம் அவளைக் குத்திற்று. சாபிரா ஒரு மாதம் பேசவில்லை. சாக்குக் கட்டைத் தள்ளிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டித் தைத்தாள். கடைசியில் அவளே சொன்னாள்: "உன் புருஷனை நீ இன்னா வேணா பண்ணு. எங்க சுன்னத்தை முத்தத்துல போட்டுச் சிரிக்க வச்சியே, அது எங்க புள்ளைங்க உடம்பு ஃப்ளோரு." ஃப்ளோரன்ஸ் வாழ்க்கையில் மன்னிப்புக் கேட்டது அந்த ஒருத்தியிடம்தான்.

மற்றவர்களுக்கு அவள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. பெஞ்சில் மறுபடி நெருங்கி உட்கார வந்தவர்களைப் பார்த்து எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனாள். கிழவி தம்ளரை மாற்றி வைத்தபோது, "அதுவே இருக்கட்டும் அத்தை. எனக்குப் பழகிடுச்சு" என்றாள். கிழவி சாகும்வரை அந்தத் தம்ளரிலேயே, கிழவி கண் முன்னாலேயே குடித்தாள். அடைக்கலமேரி இரண்டாவது பிள்ளைக்கு ஞானத்தாயாக நிற்கக் கூப்பிட்டாள். "உங்க வூட்டுக்காரரு வேற ஆளைச் சொல்லுவாரு, கேட்டுப் பாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். எழுபதில் அவளுக்கே ஒரு பெண் பிறந்தாள், உயிரோடு, உரக்க அழுதுகொண்டு. ஞானத்தாய்க்கு அந்தக் கோயில் பங்கிலிருந்து யாரையும் கேட்கவில்லை. தன் அப்பாவின் பங்கிலிருந்து ஒரு சித்தியை வரவழைத்தாள். வால்டர் சப்பரத்துக்கு முன்னால் நடப்பதை விட்டு, பின்னால் மெழுகுவர்த்தி பிடித்து வருகிறவர்களோடு வந்தான். ஒவ்வொரு செப்டம்பரும் அவள் தெருமுனையில் நின்று, அவன் கடந்து போகும்வரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவாள்.

எழுபத்தெட்டில் மஞ்சள்காமாலையில் ஃப்ளோரன்ஸ் செத்துப்போனாள். அதற்கப்புறம்தான் சாபிரா இதைச் சொன்னாள். கல்யாணத்துக்குப் பதினொரு வாரம் முன்னால், அப்பா அம்புரோஸின் வயிற்று ஆபரேஷனுக்கு ஃப்ளோரன்ஸ் ரத்தம் கொடுத்திருக்கிறாள். எடுப்பதற்கு முன் சோதித்துப் பார்த்து, மேகநோய் இல்லை என்று தேதி போட்டு முத்திரை குத்திய சீட்டு ஒன்றை ரத்த வங்கியில் தந்திருக்கிறார்கள். வால்டர் முற்றத்தில் அவள்மேல் பழி போட்ட அன்றே அதை எடுத்துக் காட்டியிருக்கலாம். இரண்டு வருஷம் அவள் அதை யாருக்கும் காட்டவில்லை. பெயர் வாசித்த அந்த ஞாயிறு காலை அது அவள் ரவிக்கைக்குள்தான் இருந்தது. கோயிலிலிருந்து நேராகக் கிடங்குப் பக்கம் வந்து, சாபிராவின் வீட்டு அடுப்பில் அதைப் போட்டுவிட்டுப் போனாள்.